வீடு தேடிப் போன நிவாரணம்

சேரன்மகாதேவியில் எங்கள் பகுதிக்காரர்களுக்கு ரேஷன் கடை என்றால் ஜெபராணி அக்காதான். கடைக்கு ஒரு எண் உண்டு. வாசலில் கூட்டுறவுச் சங்கத்தின் பெயர்ப் பலகையும் உண்டு. ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. "ஜெபராணி கடையில சீனி வந்துட்டா?" என்றுதான் கேட்பார்கள்.

எனக்கு அவர் பக்கத்து வீடு. நடுவில் இருப்பது இடுப்பளவுச் சுவர். இங்கே எழுதுவதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி, பின்னாளில் அவரே அந்தச் சுவரில் கையூன்றி நின்றுகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது. எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க டீச்சர். அந்த வீட்டுக்காரங்க பேரை மட்டும் மாத்திருங்க" என்றார். மாற்றியிருக்கிறேன்.

அக்காவுக்குப் பிறந்த ஊர் பாளையங்கோட்டை. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மகளும் டீச்சராக வேண்டும் என்றுதான் அவருக்கு ஆசை. அது நடப்பதற்குள் அவர் காலமாகிவிட்டார். அக்கா பி.காம். முடித்துவிட்டுக் கூட்டுறவுச் சங்கத்து வேலைக்கு மனுப்போட்டார். கிடைத்தது. அதன்பிறகு, கல்யாணமாகி எஸ்றா அண்ணனோடு இந்த ஊருக்கு வந்து, டார்லின் பிறந்து வளர்ந்து கல்லூரிக்குப் போகும்வரை, அரிசி மூட்டைக்கும் பாமாயில் பெட்டிக்கும் நடுவில்தான் அவர் பகல் பொழுது கழிந்தது.

ரேஷன் கடையில் இருப்பவர்களை ஏசாத ஊர் கிடையாது. அக்காவையும் ஏசியிருக்கிறார்கள். அரிசியில் வண்டு இருந்தால், மிஷினில் கைரேகை விழாவிட்டால், பருப்பு வரப் பிந்தினால் எல்லாவற்றுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தில் அவரை யாரும் குறைசொன்னதில்லை. ஒருவருடைய பங்கு வாங்கப்படாமல் போக அவர் விடமாட்டார். மாதக் கடைசி நெருங்கும்போது யார் வரவில்லை என்று பார்ப்பார். போகிற வருகிறவர்களிடம் சொல்லி அனுப்புவார். "ஏட்டி, ஒங்க மாமியார ஏன் இன்னும் காணோம்? பருப்பு தீரப்போவுது, வெரசலா வரச்சொல்லு." வராதவர்கள் வராமல் போகட்டும், உனக்கென்ன வந்தது என்று ஒரு அதிகாரி ஒருமுறை கேட்டாராம். "அவிய பங்கு அவியளுக்குப் போவணும்லா சார்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார்.

எஸ்றா அண்ணன் சொந்தமாக ஒரு டூரிஸ்ட் வேன் வைத்து ஓட்டினார். பாபநாசம், குற்றாலம், திருச்செந்தூர், கல்யாணப் பார்ட்டி என்று வாரத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். சர்ச்சில் பாடகர் குழுவில் அவர் பாடுகிற ஞாயிற்றுக்கிழமை என்றால் பின்வரிசைக்காரர்கள் தூங்கமுடியாது என்று பாஸ்டரே கேலி செய்வார். சர்க்கரை வியாதி இருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போடுவார், ஆனால் சவாரிக்குப் போகிற இடத்தில் கிடைக்கிற அல்வாவை விடமாட்டார்.

2020 மார்ச் கடைசியில் ஊர் அடங்கியது. வேன் வேப்பமரத்தடியில் நின்றது. ஆட்டோக்காரர், தறிக்காரர், பீடி சுற்றுகிறவர், கல்யாண வீட்டில் பந்தி விளம்புகிறவர் எல்லாரும் ஒரே நாளில் வீட்டுக்குள் உட்கார்ந்தார்கள். அரசாங்கம் அரிசி அட்டைக்காரர்களுக்கு ரொக்கமும் விலையில்லாமல் அரிசி, பருப்பு, எண்ணெயும் கொடுக்கப்போவதாக அறிவித்தது. கடையில் கூட்டம் சேரக்கூடாது என்பதால், இன்ன தேதி, இன்ன நேரம் என்று எழுதிய டோக்கனை வீடுவீடாகப் போய்க் கொடுக்கவேண்டும். அந்த வேலை அக்கா தலையில் விழுந்தது.

"நீ ஒத்தையில அலைய வேண்டாம்" என்று எஸ்றா அண்ணன் பைக்கை எடுத்தார். அக்கா பின்னால் உட்கார்ந்துகொள்வார். தெருமுனையில் இறக்கிவிட்டு அண்ணன் ஏதாவது ஒரு மரத்தடியில் காத்திருப்பார். அக்கா ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போவார். கோயில் பக்கத்துப் பெரிய வீட்டில் சிவசண்முகம் என்று ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி இருந்தார். டோக்கனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்களுக்குப் பென்ஷன் வருதும்மா. இதை இல்லாதவங்க யாருக்காவது குடுத்துருங்க."

"அப்படி நான் மாத்திக் குடுக்க முடியாது சார். வேண்டாம்னா எழுதிக் குடுத்துருங்க."

அதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி அன்னத்தாய் ஆச்சி வந்து டோக்கனை வாங்கிக்கொண்டார். "வீட்டு வேலைக்கு வார பொம்பளைக்கு நான் குடுத்துக்கிடுதேன். இவியகிட்ட எல்லாம் கேட்டா ஆவுமா?" எஸ்றா அண்ணன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் சிரித்தார்.

வேலை முடிந்து வருகிற வழியில் ஆற்றங்கரையில் மருதமரத்து நிழலில் இருவரும் கொஞ்ச நேரம் உட்காருவார்களாம். கல்யாணமான நாளிலிருந்து பகலில் அப்படி உட்கார்ந்து பேசியதே கிடையாது என்றார் அக்கா. "ஊரே அழுதுக்கிட்டு இருந்த நேரம் டீச்சர். சொல்லவே கூச்சமா இருக்கு. எனக்கு அதுதான் நல்ல காலமா இருந்திச்சு." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வருஷம் கொரோனா எங்கள் ஊரைப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. அடுத்த வருஷம் தை மாசத்தில் வேன் மறுபடி ஓடத் தொடங்கியது. சித்திரையில் இரண்டாவது அலை வந்தது. இந்தமுறை தெரிந்தவர்களே செத்துப்போனார்கள். ஒரு வாரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே இரண்டு பேர். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் சமையல்கட்டில் கை நின்றுவிடும். நோய் கண்ட தெருவின் முனையில் தகரம் வைத்து அடைத்தார்கள்.

மே மாதம் மறுபடியும் ஊரடங்கு. மறுபடியும் நிவாரணம், மறுபடியும் டோக்கன். எஸ்றா அண்ணன் பைக் சாவியை எடுத்தபோது அக்கா பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"சுகரு இருக்குத ஆளு, வீட்டுல கெடங்க."

"அப்ப நீ மட்டும் போவியோ?"

"எனக்குச் சம்பளம் தாராவ. ஒங்களுக்கு யாரு தாரா?"

அந்த நாட்களில் அக்கா எவ்வளவு கவனமாக இருந்தார் என்பதற்கு நான் சாட்சி. கடையிலிருந்து வந்தால் முன்வாசல் வழியாக நுழையமாட்டார். கொல்லைப்புறம் போய்க் குளித்து, சேலையை டெட்டால் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால்வைப்பார். தட்டு, டம்ளர் தனி. படுக்கை தனி. டார்லின் சோறு போட்டுவிட்டு நகர்ந்து நிற்பாள். கடையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதற்குள் நிற்காதவர்களுக்குப் பணம் தரமாட்டேன் என்று சத்தம் போடுவார். இரண்டு முகக்கவசத்துக்குள்ளிருந்து கத்திக் கத்திக் குரல் கம்மிப்போயிருந்தது.

பணம் கொடுக்கும் நாட்கள் முடியப்போகிற சமயம். யார் யார் வரவில்லை என்று பார்த்தார். பெரும்பாலும் வெளியூரில் மாட்டிக்கொண்டவர்கள். உள்ளூரில் இருந்துகொண்டே வராதது ஒரு வீடுதான். வாய்க்கால் கரையில் அப்பாத்துரை வீடு.

அப்பாத்துரை வாழைத்தார் லோடு ஏற்றுகிறவர். லாரி ஓடாததால் வேலை இல்லை. மனைவி முத்துராணி வயல் வேலைக்குப் போவார். சின்னச் சின்னதாக இரண்டு ஆண்பிள்ளைகள். நிவாரணம் தேவைப்படாத வீடு இல்லை அது. சொல்லி அனுப்பினார். வரவில்லை. மறுபடி சொல்லி அனுப்பினார். "நாளைக்கு வாரோம்னு சொல்லுதாவ" என்று பதில் வந்தது. நாளையும் வரவில்லை.

கடையை அடைத்தபிறகு, கையெழுத்து வாங்கவேண்டிய தாளையும் பணத்தையும் ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு அக்கா நடந்தே போனார். அப்படிப் போகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. போகலாம் என்றும் இல்லை.

முத்துராணி வாசலுக்கு ஓடிவந்து நிலையை மறித்துக்கொண்டு நின்றார்.

"யக்கா, நீங்க என்னத்துக்கு இந்த வெயில்ல வந்திய? நாளைக்கு நானே வாரேன்லா."

"எத்தனை நாளைக்கு நாளை நாளைன்னு சொல்லுவ? நாளையோட முடிஞ்சிரும். பெறவு நீ கேட்டாலும் என்னால தரமுடியாது. ஒன் வீட்டுக்காரர் எங்க? கையெழுத்துப் போடச் சொல்லு."

"படுத்திருக்காவ."

"காய்ச்சலா?"

"இல்லக்கா. வேலை இல்லாம ஒடம்பு சடவா, அசதியா இருக்குன்னு படுத்திருக்காவ."

முத்துராணிக்குப் பின்னால் பிள்ளைகள் இருவரும் கிண்ணத்தில் எதையோ வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். வடித்த கஞ்சி. சோறு இல்லை. அக்கா அதைப் பார்த்தார். "தள்ளு ட்டி" என்று முத்துராணியை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கயிற்றுக் கட்டிலில் அப்பாத்துரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அக்கா குரல் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, வாயில் சுற்றியிருந்த துண்டை இறக்கிவிட்டுக் கும்பிட்டார். ஏதோ சொல்ல வந்தவருக்கு இருமல் வந்துவிட்டது. நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த செம்பை எடுத்தார், கை நடுங்கித் தண்ணீர் சிந்தியது. அக்கா செம்பை வாங்கித் தானே பிடித்துக்கொண்டு குடிக்கவைத்தார். பேனாவைக் கொடுத்தார். அவர் விரல்கள் பட்டபோது சுட்டது.

"கூரை அப்படிக் காந்துது, அதான்னு நெனச்சேன் டீச்சர்" என்றார் அக்கா. பிறகு, "நெனச்சேனா, நெனச்சுக்கிட்டேனான்னு எனக்கே தெரியல" என்றார்.

பணத்தை முத்துராணி கையில் கொடுத்து, வருகிற வழியில் கடையைத் திறந்து, அவர்களுக்குரிய அரிசியையும் எடுத்துவைத்து, பெரிய பையனை வரச்சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வழக்கம்போலக் குளித்தார். வழக்கம்போல சேலையை முக்கினார்.

நாலைந்து நாளில் அக்காவுக்கு உடம்புவலியும் காய்ச்சலும் வந்தது. பரிசோதனையில் நோய் இருக்கிறது என்று வந்தது. எங்கள் தெருமுனையிலும் தகரம் வந்தது. அக்காவுக்கு அது சாதாரணமாகத்தான் வந்துபோனது. டார்லினுக்கு ஒன்றுமில்லை. எஸ்றா அண்ணனுக்கு முதல்நாள் இருமல், இரண்டாம் நாள் காய்ச்சல், அதற்கடுத்து மூச்சு. ஆம்புலன்ஸ் வந்தபோது அவரே நடந்துபோய் ஏறினார். நான் மாடியில் நின்று பார்த்தேன். ஏறும்போது திரும்பி, டார்லினிடம், "வண்டிய ஒருநா விட்டு ஒருநா ஸ்டார்ட் பண்ணிப் போடு மக்ளே. பேட்டரி எறங்கிரும்" என்றார். அந்தக் குரல் எங்கள் மாடிவரைக்கும் கேட்டது.

பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்கா வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. டார்லினும் கூடாது. போன்தான். முதல் சில நாள் பேசினார். பிறகு மூச்சு வாங்கியது, பேசவேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டார். "நீங்க போனைக் காதுல மட்டும் வச்சிக்கிடுங்க, நான் பேசுதேன்." கடையில் பாமாயில் வந்ததிலிருந்து கொல்லையில் முருங்கை பூத்தது வரைக்கும் அக்கா சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தப் பக்கத்தில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அக்கா குரல் மட்டும் கேட்கும். டார்லின் ஒருநாள் விட்டு ஒருநாள் வேனில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணுவாள். கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைத்துவிட்டு, இறங்காமல் அங்கேயே இருப்பாள்.

ஒரு காலையில் எஸ்றா அண்ணன் போய்விட்டார் என்று போன் வந்தது.

அடக்கத்துக்கு அக்காவும் டார்லினும் போகமுடியவில்லை. சர்ச்சிலிருந்து ஒருவர் தூரத்தில் நின்று போனில் காட்டினார். வெள்ளை உடுப்புக்காரர்கள் நான்குபேர், குழி, பாஸ்டர் ஜெபம் பண்ணுகிற சத்தம் காற்றில் விட்டு விட்டு. பாட்டு இல்லை. ஆயுசு முழுக்க மற்றவர்கள் அடக்கத்துக்கெல்லாம் போய்ப் பாடின மனுஷனுக்குப் பாட ஒரு ஆள் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் என்ன சொல்வது என்று தெரியாமல் அழுதேன். அக்கா அழவில்லை. டார்லின் கையிலிருந்த போனை வாங்கி அணைத்துவிட்டு உள்ளே போனார்.

ஜூன் நடுவில் அடுத்த நிவாரணம் வந்தது. மே மாதம் கொடுத்தது போகப் பணத்தின் மறுபாதி, கூடவே மளிகைச் சாமான்கள் அடங்கிய பை. லீவு போடச் சொன்னேன். "கடையைத் தொறக்க ஆள் இல்ல டீச்சர். சனங்க என்ன செய்யும்?" என்று கிளம்பிப் போனார்.

நானும் என் பை வாங்கப் போயிருந்தேன். அன்றைக்கு வரிசையில் சத்தமே இல்லை. வட்டத்துக்குள் நில்லுங்கள் என்று யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. வழக்கமாக ஏசுகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்கள். ஒருசிலர் அவர் கையிலிருந்து பையை வாங்கத் தயங்கினார்கள். அதைப் புரிந்துகொண்டு அக்கா, பையைத் திண்டில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நின்றார். நாள் முழுக்க அப்படியே செய்தார்.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்து கடையைப் பூட்டப்போகும்போது முத்துராணி வந்தார். கையில் அட்டை இல்லை, பை இல்லை. கடையின் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டி நின்றார்.

"என்ன முத்துராணி? பை வாங்கலையா?"

"வேண்டாம்க்கா."

"ஏன்?"

முத்துராணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சொல்ல ஆரம்பித்தபோது ஒரே மூச்சில் சொன்னார். "நீங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கி அவியளுக்குக் காய்ச்சல்தாங்க்கா. நாலஞ்சு நாளா இருந்திச்சு. கருவாடு சுட்டா மணம் தெரியலைன்னு சொன்னாவ. எங்களுக்குத் தெரியும்க்கா. சொன்னா தகரம் வச்சு அடைச்சிருவாவ, அவியள கூட்டிட்டுப் போயிருவாவ, பிள்ளையள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்னு பயந்து, இல்லன்னு சொல்லிட்டேன். நீங்க செம்பைப் புடிச்சியளே, அப்பவாவது சொல்லிருக்கணும். சொல்லல. எங்களாலதான்க்கா அண்ணன்..."

மேலே சொல்லமுடியாமல் அக்காவின் காலைத் தொடக் குனிந்தார். அக்கா பின்னால் நகர்ந்துகொண்டார்.

"அவரு எப்படி இருக்காரு?"

"இருக்காவ. எந்திச்சு நடக்காவ."

"சரி. எங்க வீட்டுக்காரர் போயிட்டாரு. ஒன் வீட்டுக்காரர் இருக்காரு. இதை எங்கிட்ட வந்து ஏன் சொல்லுத?"

"மனசு கேக்கலக்கா."

"ஒனக்கு மனசு கேக்கல. அதனால ஒன் பாரத்தை எறக்கி என் தலையில வச்சிட்டுப் போவ வந்திருக்கியா? யாருகிட்டருந்து வந்திச்சோ, எவரு கையிலருந்து வந்திச்சோன்னு இருந்தேன் முத்துராணி. ஆயிரம் பேரு வந்த எடம். ஆண்டவர் சித்தம்னு சொல்லிட்டுக் கெடந்தேன். இனி நான் என்னத்தச் சொல்லிட்டுக் கெடப்பேன்?"

 அக்கா கடைக்குள் போய் ஒரு பையை எடுத்துவந்து திண்டில் வைத்தார். "அட்டையை நாளைக்குக் கொண்டு வந்து கையெழுத்துப் போடு. இப்ப இதைத் தூக்கிட்டு என் கண் முன்னால நிக்காம போ."

இது மட்டும் நடந்திருந்தால் அக்கா எப்படியாவது தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். டார்லினிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் வீட்டில் எதையும் மறைத்துப் பழக்கமில்லாதவர். அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"நான் போறேன். அவங்க வீட்டு வாசல்ல நின்னு கேக்கப் போறேன்."

"என்னன்னு கேப்ப?"

"எங்க அப்பாவ ஏன் கொன்னீங்கன்னு கேப்பேன்."

"அவிய பயந்துட்டாவ டார்லின். பயந்தவன் பொய் சொல்லத்தான் செய்வான்."

 அதற்குப் பிறகு டார்லின் கத்தவில்லை. சாதாரணமாகக் கேட்டாள்.

"சரி, அவங்கள விடு. ஒன்ன யாரும்மா அங்க போகச் சொன்னா? வராதவங்க வராம இருக்கட்டும்னு விட்டிருந்தா அப்பா இருந்திருப்பாங்கல்ல? ஊரு வயித்தைப் பாத்த. எங்க அப்பாவப் பாத்தியா?"



அந்தக் கேள்வி அந்த வீட்டைவிட்டுப் போகவேயில்லை. இருவரும் சண்டை போடவில்லை. சாப்பாடு நேரத்துக்கு நடந்தது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குச் சேர்ந்து போனார்கள். பேச்சுதான் தேவைக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. நோயில் இறந்தவர் குடும்பத்துக்கு அரசாங்கம் கொடுத்த உதவித்தொகை அந்த வருஷக் கடைசியில் அக்கா கணக்கில் வந்தபோது, ஒன் படிப்புக்கு வச்சிக்கோ என்றாராம். எனக்கு வேண்டாம் என்றுவிட்டாள் டார்லின். வேனை விற்ற அன்று மட்டும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மறுநாள் பழையபடிதான். படிப்பு முடிந்ததும் டார்லின் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வரும். சாப்பிட்டியா, உடம்பு எப்படி, மழை உண்டா என்பதோடு முடிந்துவிடும்.

அக்கா வேறு கடைக்கு மாற்றல் கேட்டார். பாபநாசம் பக்கம் தருவதாகச் சொன்னார்கள். கடைசியில் அவரே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "அங்கயும் அரிசிதானே டீச்சர்" என்றார்.

அப்பாத்துரை வீட்டிலிருந்து முதலில் முத்துராணிதான் வந்துகொண்டிருந்தார். பிறகு அப்பாத்துரையே வர ஆரம்பித்தார். கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார். அக்கா எடைபோட்டுக் கொடுப்பார். அவர் வாங்கிக்கொண்டு போவார். இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மன்னித்துவிட்டீர்களா என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது. "தெரியல. அவரு தூரத்துல வரும்போதே நான் தராசுப் பக்கம் திரும்பிக்கிடுவேன். போனபெறவு கொஞ்ச நேரம் உக்காந்துக்கிடுவேன். ஆனா அரிசியில நான் ஒரு மணி கொறச்சதில்ல" என்றார். இன்னொரு விஷயமும் சொன்னார். மாதக் கடைசியில் யார் வரவில்லை என்று பார்ப்பதை அவர் நிறுத்திவிட்டார். யாருக்கும் சொல்லி அனுப்புவதில்லை. வந்தவர்களுக்கு உண்டு, வராதவர்களுக்கு இல்லை. எல்லாக் கடையிலும் இருப்பதுபோல அவர் கடையும் ஆகிவிட்டது. ஊரில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

போன டிசம்பரில் கிறிஸ்துமசுக்கு டார்லின் வந்திருந்தாள். பண்டிகைக்கு முன்னால் கல்லறையில் வெள்ளையடிக்கப் போவது அவர்கள் வழக்கம். என்னையும் கூப்பிட்டார்கள், போனேன். மழை பெய்து ஓய்ந்த காலை. கல்லறைத் தோட்டத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. அக்கா புல்லைப் பிடுங்கினார். டார்லின் பிரஷை எடுத்துச் சுண்ணாம்பு அடித்தாள். எஸ்றா என்ற எழுத்துக்களின் மேல் படாமல் ஓரம் ஓரமாக.

 டார்லின் பிரஷை வாளியில் போட்டுவிட்டு, அம்மாவைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்த வீட்டுப் பிள்ளைங்க இப்ப என்ன படிக்குது?"

அக்கா பிடுங்கிய புல்லைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தார். எந்த வீடு என்று கேட்கவில்லை.

"பெரியவன் ஒம்பது. சின்னவன் ஆறுன்னு நெனக்கேன்."

"நல்லாப் படிக்குதா?"

"பெரியவன் படிக்கான்னு டீச்சர்தான் சொன்னாவ."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம், நன்றாகப் படிக்கிறான், கணக்கில் கெட்டிக்காரன் என்றேன். டார்லின் தலையாட்டினாள்.  வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அக்கா அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் நிறைந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்தார். கையிலிருந்த மண் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அவருக்குத் தெரியவில்லை. 

புது வருஷத்து ஆராதனை முடிந்த மறுநாள் டார்லின் ஊருக்குக் கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட்டு வந்த அக்கா, வீட்டுக்குள் போகாமல், கடைச்சாவியை எடுத்துக்கொண்டு நேரே கடைக்கு நடந்தார். மாதத் தொடக்கம். அரிசி லாரி வந்து நின்றிருந்தது.